எல்லாக் கணினியிலும் ஓடும்

லினக்ஸில் மட்டும் ஓடியது.

விண்டோஸில் பாதி வழியில் நின்றது. எர்ணாகுளத்து அச்சகம் ஒன்றிலிருந்து இரவல் வாங்கி வந்த மேக்கில் தொடங்கவே இல்லை.

மூன்றிலும் ஓடினால்தான் எடுத்துக்கொள்வோம் என்று அந்த மென்பொருளை வாங்கவிருந்த ஜெர்மனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

சந்தீப் வந்து ரஜிதாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கொச்சங்காடியில் மிளகுக் கிடங்கின் மாடியில் இருந்த அந்தச் சின்ன கம்பெனி அவருடையது.

படங்களைச் சுருக்கித் தரும் அந்த நீட்சியை முதல் வரியிலிருந்து எழுதியவள் ரஜிதா. ஆனால் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் 'ஆக்கம்: சந்தீப்' என்றுதான் இருக்கும். கம்பெனி வழக்கம் அப்படி என்று அவள் சேர்ந்த புதிதிலேயே சொல்லிவிட்டார்.

கோளாறு சீக்கிரமே பிடிபட்டது. நிரலில் பல இடங்களில் ஒரு கோப்புறையின் பாதை முழுதாக எழுதப்பட்டிருந்தது. அந்தக் கோப்புறை இருப்பது இங்குள்ள ஒரே லினக்ஸ் கணினியில். மற்றவை அதைத் தேடி, கிடைக்காமல் நின்றுபோயின.

"எந்த மண்டனாக்கும் தன்னோட வீட்டு விலாசத்தை இதுக்குள்ள எழுதி வெச்சிருக்கறது?" என்றார் சந்தீப். திரையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"நான் சரியாக்கறேன் சாரே."

அந்தப் பாதை ஆரம்பத்தில் அவளே அவசரத்துக்கு எழுதியது. பிறகு எத்தனையோ முறை மாற்றியிருக்கலாம். அவளுக்கு மனம் வரவில்லை.

இப்போது அழித்தாள். எந்தக் கணினியானாலும் தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும்படி மாற்றி எழுதினாள். விரல்கள் தயங்கவில்லை.

மாலைக்குள் விண்டோஸில் ஓடியது. மேக்கிலும் ஓடியது. சந்தீப் கைதட்டினார். எல்லோருக்கும் சாயாவும் பழம்பொரியும் வரவழைத்தார். பிறகு அறைக்குள் போய், தான் சாதித்துவிட்டதாக ஜெர்மனிக்கு ஆங்கிலத்தில் உரக்கப் பேசினார்.

வீட்டில் அப்பா தங்கப்பன் நகராட்சிக் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். மகள் செய்த ஏதோ ஒன்று கடல் தாண்டிப் போகிறது என்ற மட்டில் அவருக்குத் தெரியும்.

"அதுல ஒன் பேரு உண்டா மோளே?"

அந்த லினக்ஸ் கணினியில், வேலை செய்பவரின் பெயர்தான் அவரவர் கோப்புறைக்கும். அந்தப் பாதைகளில் அவள் நாள் முழுக்கத் தேடித் தேடி அழித்தது 'ரஜிதா' என்ற சொல்லை.

"காலையில வரைக்கும் இருந்திச்சுப்பா" என்றாள்.