இடது காதில் இரண்டு வெட்டு

"ஒரே ரத்தம் ஊறி ஊறி நம்ம மாடுங்க எடையே ஏற மாட்டேங்குது. இனிமே வெளி ரத்தம்தான்!" என்ற ஒட்சிலே, கிழக் காளையை வெட்டி ஊருக்கே கறி போட்டார். அதன் மகள்களான பன்னிரண்டு பசுக்களுக்கும் கான்சி ஊருக்குப் பக்கத்திலிருந்த ஒரு பண்ணையிலிருந்து சினை ஊசி வந்தது. கண்காட்சியில் பரிசு வாங்கிய காளையின் வித்து.

அவர் மனைவியின் தம்பி மோவாகி மூச்சிரைக்க ஓடி வந்தான். "அத்தான், ஊசி போடறதுக்கு முன்னால ஒரு வார்த்தை..."

"உன் கல்யாணத்துக்கு நான் குடுத்த நோஞ்சான் கன்னையே வளர்க்கத் துப்பில்லாம எவனுக்கோ வித்தவன் நீ. எனக்குப் பாடம் எடுக்கிறியா? போடா வெளிய!"

பன்னிரண்டு கன்றுகளில் ஐந்து செத்தே பிறந்தன. மீதி ஏழுக்கும் கண் தெரியவில்லை.

ஒட்சிலே பண்ணைக்குப் போய்க் கத்தினார். "எந்த நோய்க் காளைய்யா அது? காட்டு!"

காட்டினார்கள். குன்று மாதிரி நின்றது. அதன் இடது காதில் இரண்டு வெட்டு. ஒட்சிலே குடும்பத்து அடையாளம். அவரே கத்தி பிடித்துப் போட்டது.

"இது... இங்க எப்படி?"

"மோவாகின்னு ஒருத்தர்கிட்ட கன்னா வாங்கினோம். நல்ல தீனி போட்டதும் எழுந்துருச்சு."

வீட்டில் மோவாகி ஒரு குருட்டுக் கன்றுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே சொன்னான்.

"அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன் அத்தான். உங்க பசுங்க அத்தனையும் அந்தக் காளையோட கூடப் பொறந்ததுங்கன்னு."