கண்ணைத் திறக்காத மகள்

அந்த வடகடல் தீவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் நாளிலேயே கண்ணில் லென்ஸ் பொருத்திவிடுவார்கள். அதன் வழியே பார்த்தால், எங்கிருந்து வந்து குடியேறியவரும் தீவுக்காரர்களைப் போலவே முகம் மாறி வெளுத்துத் தெரிவார். பெரியவர்களும் அதை அணிந்தார்கள். அதனால் வந்தவர்களை யாரும் முறைப்பதில்லை.

கடல் கொண்டுபோன கோடியக்கரையிலிருந்து வந்த செங்கமலத்துக்கு ஒரே ஒரு குறைதான். தீவிலேயே பிறந்த மகள் ஆதிரை, பெற்றவளின் கறுத்த முகத்தை, கன்னத்து மச்சத்தைப் பார்த்ததே இல்லை. ஒருமுறையாவது பார்க்கமாட்டாளா என்று செங்கமலம் ஏங்குவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரையில் விளையாடிக்கொண்டிருந்த ஆதிரையின் முகத்தில் அலை அடித்து, லென்ஸ் இரண்டும் கழன்று போயின. செங்கமலம் ஓடிப்போய் அவள் முன் மண்டியிட்டாள். குழந்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது.

"அம்மா எங்கே?"

"நான்தாண்டி அம்மா."

குரலைக் கேட்டதும் குழந்தை கண்களை இறுக மூடிக்கொண்டு வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. செங்கமலம் அதன் ஈரத்தலையைத் தன் முந்தானையால் துவட்டினாள்.

"கண்ணைத் திறந்து என்னை ஒரு தடவை பாரேன், தங்கம்."

"மாட்டேம்மா. திறந்தா நீ போயிடுவே."