உப்பு வண்டிக்காரன் கதை

"ஏங்க, அந்த உப்பு வண்டிக்காரன் கதையை இன்னொரு தரம் படிங்களேன்!"

வீரலட்சுமி கேட்டதும் இசக்கிமுத்து பார்வையை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இப்ப எதுக்கு புள்ள அது?"

"கல்யாணமான புதுசுல சாயங்காலமானா படிச்சுக் காட்டுவீங்கள்லா? ஆசையா இருக்கு. புத்தகம் டிரங்குப் பெட்டியிலதான் கெடக்கு."

"கண்ணாடி ஒடைஞ்சிருச்சு. புதுசு வாங்கிட்டுப் படிக்கேன்."

மறக்கிற காலமா அது! மட்டாஞ்சேரி மிளகுக் கிட்டங்கியில் மூட்டை சுமந்துவிட்டு வருவார். பாஷை தெரியாத ஊரில் பேச்சுத்துணை இல்லாமல் அழுதுகொண்டிருப்பாள் புதுப்பெண்டாட்டி. அவளைச் சிரிக்கவைக்க, படகுத்துறைக் கடையில் ஒரு பத்திரிகை வாங்கி வந்து கதை படித்தார்.

படித்தாராவது! அவருக்கு எழுத்தே தெரியாது. விரித்துவைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததை அடித்துவிட்டார். ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையைக்கூட, "நீங்களே பாருங்க" என்று நீட்டுகிறவள்தானே, இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்ற தைரியம். அவளோ அழுகையை மறந்து, "அப்புறம்?" என்பாள். அந்த "அப்புறம்" இன்னும் அவர் காதில் இருக்கிறது.

பாவம், இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். ஒரு நாளாவது நிஜமாகவே படித்துக் காட்ட வேண்டும்.

மறுநாளே, "சாயா குடிச்சிட்டு வாறேன்" என்று கிளம்பி, ஸுப்ரியா டீச்சரின் மாலைநேரத் தமிழ் வகுப்பில் போய் உட்கார்ந்தார். கொத்தனார்களும் அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற வகுப்பு. பக்கத்திலிருந்த மகா என்கிற வாண்டு அவர் சிலேட்டை எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். இசக்கிமுத்து விடவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது.

"எடு புள்ள அந்தப் புத்தகத்தை!"

புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரித்தார். முதல் வரி ஓடவில்லை. அடுத்த பக்கமும் அப்படித்தான். டீச்சர் சொல்லித்தந்த எழுத்தாகவே இல்லையே! ஆனால் எங்கோ பார்த்த எழுத்து. எங்கே? தோப்பும்படி போகிற பஸ்ஸின் நெற்றிப் பலகையில்!

அடக் கடவுளே, மலையாளப் பத்திரிகை! "ஒரு புஸ்தகம் தாங்க சேட்டா" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கி வந்த லட்சணம்.

நல்லவேளை, இவளுக்கு எழுத்துத் தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பழையபடியே ஆரம்பித்தார்.

"ஒரு ஊர்ல ஒரு உப்பு வண்டிக்காரன். மழையில வண்டியைப் பூட்டிக்கிட்டு ஆத்தங்கரைக்கு வந்தான். வந்தானா..."

அதற்கு மேல் மறந்துபோயிற்று. நெற்றி வியர்க்கப் பக்கத்தைப் புரட்டினார்.

"அதுல என்னத்தைத் தேடுறீங்க? வண்டி ஆத்துல கவுந்து உப்பெல்லாம் கரைஞ்சிரும். அது மலையாளப் புத்தகம்லா, அதுல எப்படி இருக்கும்?"

இசக்கிமுத்து கண்ணாடியைக் கழற்றினார். "ஒனக்கு... எப்படித் தெரியும்?"

"நான் எட்டாங்கிளாஸ் வரைக்கும் தமிழ் படிச்சவ. அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்குக் கதை கெடைச்சிருக்குமா?" வீரலட்சுமி புத்தகத்தை மூடிவிட்டு அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "ம்... அப்புறம்?"