காலண்டர் முதலை

ஆற்று மணலில் வாயைப் பிளந்தபடி கிடக்கும் முதலைப் படம் போட்ட காலண்டர் ஒன்று சுவரில் தொங்கியது. அதன் பின்னால் குடியிருந்த பல்லிக்கு அந்த முதலைதான் எல்லாம். எதைச் செய்வதானாலும், "நம்ம இடத்துல அண்ணன் இருந்தா என்ன பண்ணுவாரு?" என்று யோசித்துக்கொள்ளும்.

அண்ணனைப் போலவே வாயைப் பிளந்து அசையாமல் கிடந்ததில் கொசுக்கள் தானாக வந்து விழுந்தன. மூலையில் வலை பின்னியிருந்த சிலந்திக்கே கொஞ்சம் பொறாமை.

ஒருநாள் தரையில் இறங்கிய பல்லியிடம் பூனை வந்துவிட்டது. அண்ணன் ஓட மாட்டார் என்று பல்லியும் ஓடவில்லை. வாயை அகலமாகப் பிளந்து காட்டியது. பூனை ஒரு கொட்டாவி விட்டு, பல்லியின் வாலை மிதித்துப் பிடித்துக்கொண்டது.

"வாலைக் கழட்டி விட்டுட்டு ஓடி வா," என்று மேலிருந்து கத்தியது சிலந்தி.

"அண்ணன் வாலை விட மாட்டாரு."

பூனையின் மீசை முகத்தில் உரசியது. அடுத்த நொடி பல்லி காலண்டருக்குப் பின்னால் இருந்தது. கீழே துள்ளிய வாலோடு பூனை விளையாடிக்கொண்டிருந்தது.

"உங்க அண்ணன் இப்படியா ஓடி வந்திருப்பாரு?" என்று சிரித்தது சிலந்தி.

பல்லி தலையை நீட்டிப் படத்தை ஒருமுறை பார்த்தது.

"வந்திருக்க மாட்டாரு," என்றது. "பாவம், அவருக்குப் போன வால் திரும்ப முளைக்காதே."