பொத்தான் சக்கரம்

பொம்மை ரயிலின் கூட்ஸ் பெட்டிக்கு நான்கு சக்கரங்களில் ஒன்று உடைந்துவிட்டது. மாற்றுச் சக்கரம் தேடி அது உதிரிபாக டப்பாவுக்கு வந்தது.

"உன் சைஸ் இப்போ வர்றதில்லப்பா," என்றது டப்பாவைக் காவல் காத்த குறடு. "இங்கயே படு. மீதி மூணையும் கழட்டினா மத்தவங்களுக்கு ஆகும். இனி நீயும் உதிரிதான்."

"நான் வாங்க வந்தவன். கிடக்க வந்தவன் இல்ல," என்றது பெட்டி.

மூலையில் கிடந்த சட்டைப் பொத்தான் சிரித்தது. "என்னை மாட்டிக்கிறியா? நாலு ஓட்டை இருக்கு. ஆனா ஒண்ணுகூட நடுவுல இல்ல. நொண்டுவ."

"நொண்டினாலும் ஓடுவேன். வாண்ணே!"

பெட்டி டக்கு டக்கென்று ஆடியபடி போய், ரயிலின் கடைசியில் கோத்துக்கொண்டது.

"என்னடா இரைச்சல்?" என்று எஞ்சின் அதட்டியது.

"சத்தமில்லாம போக இது என்ன சைக்கிளா? இழுங்க சார்!"