கைலிக்குள் காற்று

மூங்கில் காட்டுக்குள் ஏறி நடந்த வியர்வை இன்னும் காயவில்லை. அதற்குள் யாக் லோம் ஏரியில் மொலிகாவின் புகுந்த வீடே மிதக்கிறது. எப்போதோ எரிமலை வாயாக இருந்த பள்ளம் இது. கரையை விட்டதுமே ஆழம், வெயில் விழுந்த இடமெல்லாம் கிளிப்பச்சை. நடுவில் மாமியார் பூசணிக்காய் மாதிரி மிதக்கிறாள். மார்புக்கு மேல் கட்டிய கைலி காற்றடைத்து அவளைச் சுற்றி உப்பியிருக்கிறது. வாயில் புகைக்குழாய் அணையவில்லை. கல்யாணமாகி நான்கு மாதமான மொலிகா கரையிலிருந்து தண்ணீர்மேல் நீட்டிய பலகை மேடையின் விளிம்பைக் கால்விரல்களால் பற்றிக்கொண்டு நிற்கிறாள். அவள் ஊரில் தண்ணீர் என்றால் குடத்தில் இருப்பதுதான். "அண்ணி, காஞ்ச துணியில காத்து நிக்காது," என்று நாத்தனார் கொலாப் ஒரு வாளி தண்ணீரை அவள்மேல் கொட்டுகிறாள். "நுனியை விரிச்சுக் குதி, உள்ள போனதும் இறுக்கிப் பிடிச்சுக்க. சிரிச்சா மட்டும் பிடி விட்டுடும்." "என் மகன் மாதிரி கரையிலயே வேர் விட்டுடாதடி!" என்கிறாள் மாமியார். சோற்றுப் பொட்டலங்களுக்குக் காவல் இருக்கும் மகன், காதில் விழாதவன்போல் எறும்பு விரட்டுகிறான்.

மொலிகா குதிக்கிறாள். குளிர் கழுத்துவரை ஏறி நிற்கிறது; கைலி குப்பென்று உப்பி அவளைத் தாங்குகிறது. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடிக்கிறாள். அப்போது பார்த்து மாமியாரின் கைலி, பின்பக்கமாக, நீளமான சத்தத்தோடு காற்றை விடுகிறது. "நான் இல்லடி, துணி!" என்று கத்திக்கொண்டே மாமியார் புகைக்குழாயோடு மூழ்குகிறாள். மொலிகாவின் பிடி விட்டுப்போகிறது. கொலாப் அவளை இழுத்துப் பலகையில் போட்டதும், மூக்கில் தண்ணீர் ஒழுக ஒழுக, "தள்ளி நில்லு" என்று மொலிகா மறுபடியும் கைலி நுனியை விரிக்கிறாள்.