மூன்றாம் வகுப்பின் முப்பத்தோராவது பிள்ளை

"இதைப் பாருங்க சிஸ்டர்" என்று மூன்றாம் வகுப்பு ஆசிரியை சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே ஆறு பற்கள் வரிசையாகப் பதிந்து சிவந்திருந்தன.

எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிடும் தலைமையாசிரியை, மாணவர் சேர்க்கைப் பதிவேட்டை மூடிவிட்டு நிமிர்ந்தார். "பம்பரமா?" ஓரிடத்தில் நிற்காத அந்தப் பையனுக்குப் பள்ளியில் அதுதான் பட்டப்பெயர்.

"வேற யாரு? கணக்கு நடத்திட்டிருந்தேன். யாரோ நாற்காலியை இழுத்த சத்தம் அவனுக்கு ஆகல. எந்திரிச்சவன், பக்கத்துப் பொண்ணு ஒரு வாரமா வரைஞ்ச படத்தைக் கிழிச்சுப் போட்டுட்டான். தடுக்கப் போன எனக்கு இது. அவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிடுங்க. இனிமே என்னால முடியாது."

"இப்ப எங்க இருக்கான்?"

"ஆயாம்மாகிட்ட உக்கார வச்சிருக்கேன். மத்த பிள்ளைங்க அழுது ஓஞ்சு இப்பத்தான் சாப்பிடப் போயிருக்குதுங்க."

சிஸ்டர் எதிர் நாற்காலியைக் காட்டினார். ஆசிரியை உட்காரவில்லை. கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேஜைமேல் போட்டாள்.

"பதினோரு பெத்தவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க. அவன் இங்க இருந்தா எங்க பிள்ளைங்களை வேற பள்ளிக்கூடத்துல சேர்த்துடுவோம்னு எழுதியிருக்காங்க. கேட்டுல நிறுத்தி, எல்லாரும் பார்க்க என் கையிலயே கொடுத்தாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

சிஸ்டர் தாளைப் பிரித்து ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்த்தார். "இதுல நாலு பேர் வேற மதம். ரெண்டு பேருக்கு இந்த ஊர் பாஷையே வராது. அவங்க பிள்ளைங்களைச் சேர்த்தப்போ நாம எதையுமே கேக்கல. ஆண்டவர் முன்னால எல்லாப் பிள்ளையும் ஒண்ணுன்னு வாசல்ல எழுதி வச்சிருக்கோம். அதுல இவன் மட்டும் சேர்த்தி இல்லையா?"

"வாசல்ல எழுதினது வாசலோட நிக்குது சிஸ்டர். உள்ள வந்து பாருங்க. முப்பத்தோரு பிள்ளைங்க. முப்பது பேருக்குப் போக வேண்டிய நேரம் பூரா அந்த ஒருத்தனுக்கே போயிடுது. நேத்து காலை ஜெபத்துல எல்லாரும் கண்ணை மூடி நிக்கும்போது மைக்கைப் பிடுங்கிக் கத்தினானே, நீங்களும்தானே இருந்தீங்க. அன்பு, பொறுமைன்னு மேடையில பேசறது சுலபம். தினமும் அதைச் சுமக்கறவ நான் ஒருத்திதான்."

பேசி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவசரமே இல்லாமல் துடைத்தார். அது ஆசிரியைக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"சரி, அவன் அம்மா என்ன நினைக்கிறா?"

ஆசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவ என்னத்தை நினைப்பா? காலையில அவனுக்குச் சட்டை மாட்டி விடவே முக்கால் மணி நேரம் ஆகுது. காலர்ல ஒரு நூல் உறுத்தினாக்கூடத் தரையில விழுந்து புரள்றான். பார்க்கறவங்ககிட்ட எல்லாம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அவளுக்கு நாக்கு வறண்டு போச்சு. பாவம்தான். அதுக்காக மத்த முப்பது பிள்ளைங்களை நான் விட்டுட முடியுமா?"

"முடியாது."

"அப்ப அந்தப் படிவத்தைக் கொடுங்க. நானே எழுதித் தர்றேன். நீங்க துரத்தினீங்கன்னு யாரும் உங்களைச் சொல்ல வேண்டாம்."

சிஸ்டர் இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார்.

ஆசிரியை அப்போதுதான் உட்கார்ந்தாள். பேனாவை அழுத்திப் பிடித்து மளமளவென்று எழுதினாள். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை. அங்க அடையாளம் என்ற இடத்தில், இடது முழங்காலுக்குப் பின்னால் ஒரு மச்சம் என்று எழுதினாள். பதிவேடு பக்கத்திலேயே கிடந்தது. அவள் அதைத் தொடக்கூட இல்லை.

'பள்ளியை விட்டு விலகக் காரணம்' என்ற வரியில் ஏதோ எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். கடைசியாக இருந்தது 'பெற்றோர் கையொப்பம்'. அந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. தாளில் ஒரு மைப்புள்ளி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே போனது.

சிஸ்டர் காத்திருந்து பார்த்தார். பிறகு எழுந்து வந்து, அவள் கைக்கு அடியிலிருந்து படிவத்தை மெதுவாக உருவி இரண்டாகக் கிழித்தார்.

"நாளைக்கு அந்தப் பதினோரு பேரையும் நான் கூப்பிட்டுப் பேசிக்கிறேன். நாளையிலேர்ந்து தினமும் காலையில உன் வகுப்புக்கு வந்து அவன் பக்கத்துல உக்கார்றேன். அவனுக்குப் பாடம் சொல்றது இனிமே என் பொறுப்பு."

"அப்ப நான்?" ஆசிரியையின் குரல் உடைந்தது. "நான் என்ன சிஸ்டர் செய்யறது?"

"நீ அவனுக்கு அம்மாவா மட்டும் இரு."